பச்சை மூடி போட்ட பாட்டில்

"முடியாதும்மா. எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில்தான். எங்க மாமாவுக்குக் காலையில இதைத் தவிர வேற எதுவும் இறங்காது. நான் அங்க வந்து உக்காந்துட்டா இவருக்கு யாரு ஊற வைப்பா?"

மருமகள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. சமையல் மேடையில் வாயகன்ற கண்ணாடி பாட்டில்கள் வரிசையாக நின்றன. எல்லாம் ஜாம் வாங்கித் தீர்த்த பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஓட்ஸைக் கொட்டி, பால் ஊற்றி, ஒரு கரண்டி தயிர் விட்டு, ஒரு சிட்டிகை உப்பைத் தூவிக்கொண்டே போனாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் அந்த வீட்டில் இதுதான் வேலை. வெள்ளிக்கிழமை வரைக்கும் காலையில் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம்.

மாமனாரான தையற்காரர் சமையலறை வாசலில் நின்று கேட்டுவிட்டார். தண்ணீர் குடிக்க வந்த மனுஷன்தான். ஒட்டுக் கேட்கும் பழக்கம் கிடையாது. ஆனாலும் பேச்சு தன்னைப் பற்றி என்று தெரிந்தால் யாருக்குத்தான் கால் நகரும்?

போனிலிருந்து, அவள் வேலை பார்க்கும் பல் கட்டும் லேப் முதலாளியம்மாவின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. "பைத்தியமா உனக்கு? அந்த ஊர்ப் புதுக் கிளைக்கு உன்னைத்தான் பொறுப்பாப் போடணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறேன். இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் இடத்தைப் பிடிச்சு வைக்க முடியும். யாராவது ஓட்ஸுக்காக இப்படி ஒரு வேலையை விடுவாங்களா?"

"நான் விடறேன். வைக்கட்டுமா?"

வைத்துவிட்டுத் திரும்பியவள் அவரைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"எப்ப வந்தீங்க மாமா?"

"இப்பத்தான். தண்ணி குடிக்கலாம்னு."

"கேட்டீங்களா?"

"எதை?"

"ஒண்ணுமில்ல."

"யாரும்மா போன்ல?"

"முதலாளியம்மா. சும்மா."

"ஞாயித்துக்கிழமை சும்மா கூப்பிடற அளவுக்கு அவங்களுக்கு உன் மேல பாசமா?"

"யாரோ ஒருத்தர் பல் செட்டைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியில எறிஞ்சுட்டாராம். அவசரமா வேற செட் வேணுமாம்."

"ஏன் எறிஞ்சாராம்?"

"பொண்டாட்டி கூட சண்டையாம். மீன்ல முள்ளு எடுக்கலையாம்."

அவளுக்குப் பொய் சொல்ல வராது. கேட்காத விவரமெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். தையற்காரர் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீரைக் குடித்தார்.

"வியாழன், வெள்ளி பாட்டில்ல ஆப்பிள் போடலையே?" என்று கேட்டார், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"போடுவேனா? புளிச்சுப் போயிடும்னு உங்க பையன் சொல்லிச் சொல்லி என் காது தேஞ்சு போச்சே."

சொல்லிவிட்டு அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அளக்கும் கப்பை எடுத்து அடுத்த பாட்டிலுக்கு ஓட்ஸ் எடுத்தாள். கைப்பிடி உடைந்த காபி கப் அது, மகனுடையது. வேறு எதில் அளந்தாலும் அளவு தப்பும் என்பான். மூடியை இறுக்கிப் பாட்டிலைத் தலைகீழாக ஒரு குலுக்கு, நிமிர்த்தி மேடை மேல் ஒரு தட்டு, அப்புறம்தான் ஃப்ரிட்ஜ். அதுவும் அவன் சொன்னதுதான். அவன் போய் வருஷம் ஒன்று ஓடிவிட்டது. குலுக்கும் தட்டும் மாறவில்லை.

தையற்காரருக்கு அந்த ஓட்ஸ் பிடிக்காது. ஏதோ கொஞ்சம் பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். காலையில் அந்த மூடியைத் திறக்கும்போதே நாக்கு உள்ளே ஓடி ஒளிந்துகொள்ளும். ஜில்லென்று, கொழகொழவென்று, ஈரத்துணியை மென்று விழுங்குவது மாதிரி இருக்கும். இருந்தும் ஒரு நாள்கூட மிச்சம் வைத்தது கிடையாது.

எல்லாம் பல்லால் வந்தது. ஆடிக்கொண்டிருந்த பற்களையெல்லாம் பல் டாக்டர் மொத்தமாக எடுத்துவிட்டார். ஈறு ஆறினால்தான் செட்டுக்கு அளவெடுக்க முடியும் என்று சொல்லிவிட்டார். மருமகள் பல் கட்டும் வேலையிலேயே இருந்தாலும் ஆறாத ஈறை அவள் என்ன செய்ய முடியும்? கடிக்கவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அவர் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு தனியாக உட்கார்ந்து கஞ்சியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு சாயங்காலம் மகன் ஒரு பெரிய ஓட்ஸ் பாக்கெட்டோடு வந்தான். அவன் பஸ் டிரைவர். விடிகாலை முதல் வண்டி அவனுடையது.

"இனிமே காலையில நம்ம மூணு பேருக்கும் இதுதான். யாரும் யாருக்கும் காத்திருக்க வேண்டாம். பாட்டிலை எடு, ஸ்பூனைப் போடு, ஓடு" என்றான்.

பல் செட் வந்தது. மருமகளே தன் கையால் செய்துகொடுத்தாள். இழுத்தாலும் வராது, அப்படி ஒரு கைவேலை. கடலையைக்கூடக் கடிக்கலாம். ஆனால் ஓட்ஸ் மட்டும் நிற்கவில்லை. பிறகு ஒரு காலையில் டிப்போவில் வண்டியைக் கிளப்பப் போன மகன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் எந்த வாயால் ‘எனக்கு இது வேண்டாம்மா’ என்று சொல்வது? புருஷன் ஆரம்பித்த காரியத்தை அவள் கைவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அதைப் போய்த் தட்டிவிடலாமா என்று அவர் விழுங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது அதே ஓட்ஸ் அவள் காலில் சுற்றிக்கொண்டு நிற்கிறது.

மறுநாள் காலையில் எப்போதும்போல இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஸ்பூன் கண்ணாடியில் படும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. டிங், டிங் என்று இரண்டு பக்கமும் மாறி மாறிக் கேட்டது.

"நல்லா இருக்கும்மா" என்றார்.

"உப்பு சரியா இருக்கா மாமா?"

"கச்சிதம்."

அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். "பஸ்ஸுல சாப்பிட்டுக்கறேன்" என்று மூடியைப் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். தினமும் அப்படித்தான்.

"ஏம்மா..." என்று கூப்பிட்டார்.

"என்ன மாமா?"

புதுக் கிளைக்குப் போயேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ‘அப்புறம் உங்களுக்கு ஓட்ஸ்?’ என்று கேட்பாளே. எனக்கு வேண்டாம் என்றால், ‘அவர் பண்ணினது உங்களுக்கு வேண்டாமா?’ என்று அவள் முகம் மாறுமே.

"குடை எடுத்துக்கிட்டியா?"

"மழையே இல்லையே!"

"இல்லன்னா சரி."

வீட்டுக்குக் கீழேயே அவர் கடை. ஒரு மெஷின், ஒரு வெட்டும் மேஜை, துணி மாற்றிப் பார்க்க ஒரு திரை. புதுத் துணி தைப்பதை எப்போதோ விட்டாயிற்று. நீளத்தைக் குறைக்கிறது, இடுப்பைப் பிடிக்கிறது, ஜிப் மாற்றுகிறது, இவ்வளவுதான். எதிரே பஸ் நிறுத்தம் இருப்பதால் வேலைக்குப் போகிறவர்கள் போகும்போது கொடுத்துவிட்டு வரும்போது வாங்கிக்கொள்வார்கள்.

அன்றைக்கு மத்தியானம் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தான். காக்கி பேண்ட், கழுத்தில் விசில். மகனோடு ஒரே வண்டியில் ஓடிய கண்டக்டர். மகன் அவனை ‘விசில்’ என்றுதான் கூப்பிடுவான்.

"என்னடா விசில், இந்தப் பக்கம் காத்து அடிச்சிருக்கு? தினமும் வாசல்ல வண்டி நிக்குது, நீ மட்டும் எட்டிப் பாக்க மாட்டே."

"பேண்ட் லூசா இருக்குப்பா. கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க."

"லூசா? உனக்கா? வண்டியில நீ நின்னா அந்தப் பக்கம் ஆள் போக முடியாதுன்னு என் பையன் சொல்வானே. திரும்பு." இஞ்ச் டேப்பை இடுப்பில் சுற்றியவர் நிமிர்ந்து பார்த்தார். "நிஜமாத்தான் இளைச்சிருக்கே. என்னடா, வீட்ல சோறு போடறது இல்லையா?"

"போடறாங்க. காலையிலதான் சரியா இல்லை. ஒரு வருஷமா."

சொல்லிவிட்டு விசில் தோள்பையைத் திறந்தான். துணியில் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்து வெட்டும் மேஜை மேல் வைத்தான். பளபளவென்று கழுவிய ஜாம் பாட்டில், பச்சை மூடி.

தையற்காரரின் கையிலிருந்து, துணியில் கோடு போடும் சாக்குக்கட்டி நழுவியது. மகன் கடைசி நாள் எடுத்துக்கொண்டு போன அந்த ஒரு பாட்டிலைத்தான் மருமகள் வீடெல்லாம் தேடினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பையில்கூட இல்லை.

"இதைக் குடுக்கத்தான் வந்தேன்ப்பா. பேண்ட் ஒரு சாக்கு. எத்தனையோ நாள் இந்தக் கடை வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கேன்."

"இது எப்படிடா உங்கிட்ட?"

"அன்னைக்கும் எனக்குத்தான் குடுத்தான்."

"அன்னைக்கும்னா?"

விசில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மெஷினைப் பார்த்துக்கொண்டு பேசினான். "தினமும் எனக்குத்தான் குடுப்பான்ப்பா. டிப்போவுல வந்ததும், ‘இந்தா விசில், உன் பசையைத் தின்னு’ன்னு நீட்டிடுவான். அவன் கேண்டீன்ல போயி ரெண்டு பன்னு, ஒரு டீ. வாயில வச்சாலே குமட்டுதுன்னு சொல்வான்."

"அவனுக்கா? குமட்டுதா? அவன்தானேடா கொண்டு வந்தான்!"

"நானும் அதைத்தான் கேட்டேன். ‘அப்பாவுக்குப் பல்லு இல்லைடா. தனியா உக்காந்து கஞ்சி குடிக்கிறாரு. நாங்க எதிர்ல உக்காந்து எதையாவது கடிச்சா அந்த மனுஷனுக்கு எப்படி இருக்கும்? எல்லாரும் ஒரே மாதிரி சாப்பிட்டா அது ஒரு குறையாத் தெரியாது’ன்னான்."

தையற்காரர் ஸ்டூலைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"அதான் பல்லு வந்துடுச்சேடா. அப்புறமாவது விட்டிருக்கலாமே."

"கேட்டேனே! ‘எங்கப்பாவுக்கு இதுல ருசி வந்துடுச்சு விசில். அடிவரைக்கும் வழிச்சுத் தின்னறாரு. நான் நிறுத்தினா அவரும் நிறுத்திடுவாரு. பாவம், கேட்டு வாங்கிச் சாப்பிடற ஆளு இல்லை அவரு’ன்னான்."

"அவன் என் முகத்தையே பாத்துக்கிட்டு நிப்பான்டா. அதுக்காக வழிச்சேன்." தையற்காரர் பாட்டிலைக் கையில் எடுத்தார். "எனக்கும் பிடிக்காதுடா."

விசில் வாயைத் திறந்தபடி நின்றான். சிரிப்பு வந்தது போலிருந்தது. அதற்குள் அழுகை முந்திக்கொண்டது.

"அப்ப உலகத்துல எனக்கு ஒருத்தனுக்குத்தான் அது பிடிச்சுதாப்பா?" என்றான், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சத்தியமா நல்லா இருக்கும். அன்னைக்கு இதைக் கையில குடுத்துட்டு வண்டிப் பக்கம் போனான். நான் மூடியைத் திறந்து ரெண்டு வாய் போடறதுக்குள்ள சத்தம் கேட்டுச்சு. ஓடிப் போயிப் பாத்தா படியில... அதுக்கப்புறம் இந்தப் பாட்டிலை எங்க கொண்டு போயி வைக்கிறதுன்னு தெரியலை. குடுக்கவும் மனசு வரலை, வச்சுக்கவும் முடியலை."

"திரும்புடா. இன்னும் அளவு எடுக்கலை" என்றார் தையற்காரர். அவன் திரும்பி நின்றான். அவனுடைய முதுகுக்குப் பின்னால் அவர் வெகுநேரம் அந்த டேப்பைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

சாயங்காலம் மருமகள் லேபிலிருந்து வந்தாள். தலைமுடியில் வெள்ளையாகப் பிளாஸ்டர் தூள். கையைக் கழுவிக்கொண்டு வந்தவள் சாப்பாட்டு மேஜையைப் பார்த்தாள். தண்ணீர் சொட்டும் கை அப்படியே நின்றுவிட்டது.

"இது எங்க கிடைச்சுது?"

"உக்காரு, சொல்றேன்."

"எங்க கிடைச்சுது மாமா?"

"முதல்ல வேற ஒண்ணு சொல்றேன். நேத்து நீ போன்ல பேசினதைக் கேட்டேன். பல் செட்டை எறிஞ்ச கதை நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மீன்ல முள்ளு கொஞ்சம் அதிகம்."

அவள் உட்கார்ந்தாள். "நான் போகலை மாமா. அதான் சொல்லிட்டேனே."

"எனக்காகத்தானே போகலை?"

"ஆமா."

"ஓட்ஸுக்காகத்தானே?"

"காலையில உங்களுக்கு வேற எது ஒத்துக்குது?"

"எனக்கு அது பிடிக்காதும்மா." சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "முதல் நாள்ல இருந்தே பிடிக்காது. ஈரத்துணியை முழுங்கற மாதிரி இருக்கும். நீ மனசு கஷ்டப்படுவியேன்னு சாப்பிட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். கண் சிமிட்டவில்லை. ‘போச்சு, உடைத்துவிட்டோம்’ என்று அவருக்குப் பட்டது. திடீரென்று அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எழுந்துவிட்டார்.

சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, நான் நாள் முழுக்க லேப்ல என்ன பண்றேன்? வாயில அச்சு எடுக்கற பவுடரைத் தண்ணில கலக்கறேன். ஓட்ஸ் பாட்டிலைத் திறந்தா அச்சு அசல் அதேதான்! அதே நிறம், அதே கொழகொழ. ஒரு ஸ்பூன் வாயில வச்சா, இறுகறதுக்குள்ள துப்பணும்னு தோணும்!"

"அப்ப பஸ்ஸுல சாப்பிடறது?"

"எந்த பஸ்ஸுல? லேப் வாசல்ல ஒரு பூனை இருக்கு. மாடு மாதிரி கொழுத்துப் போச்சு."

தையற்காரர் சிரிக்க ஆரம்பித்தார். பல் செட் ஆடவில்லை. அவ்வளவு அழகாகச் செய்திருந்தாள். இரண்டு பேரும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அவள்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பச்சை மூடியைத் தொட்டாள்.

"இருந்தாலும் அவருக்கு இது உயிரு இல்லையா மாமா? எவ்வளவு ஆசையாக் குலுக்குவாரு! எனக்குப் பிடிக்கலைன்னாலும், அவருக்குப் பிடிச்ச ஒண்ணு இந்த வீட்ல நடந்துக்கிட்டே இருக்கணும்னுதான் விடாம பண்ணினேன். அதை விட்டுட்டு எங்கேயும் போக எனக்கு மனசு வரலை. அந்த ஊருல போயி நான் என்னத்தைப் பிடிச்சுக்கறது?"

தையற்காரரின் சிரிப்பும் நின்றது. இவ்வளவு நேரம் சொன்னது சின்ன விஷயம். இதுதான் பெரியது. சொல்லாமல் விட்டால் அவள் இந்த மேடைக்கும் இந்த ஃப்ரிட்ஜுக்கும் நடுவிலேயே நரைத்துப்போவாள். சொன்னாலோ, அவள் கையிலிருக்கும் கடைசி ஒன்றையும் பிடுங்கியது போலாகும். அவன் அப்பன் அதைச் செய்யலாமா?

அப்பன்தான் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

"இந்தப் பாட்டிலை விசில் கொண்டு வந்து குடுத்தான்" என்றார்.

"அவருகிட்ட எப்படி?"

மெதுவாகச் சொன்னார். பன்னும் டீயும், ‘உன் பசையைத் தின்னு’, பல்லில்லாத அப்பாவுக்கு முன்னால் யாரும் எதையும் கடிக்கக் கூடாது என்றது, கடைசி நாள் காலை, படி. எதையும் விடவில்லை. முடித்ததும் அவள் அந்தப் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கண்டக்டருக்கா?" என்றாள். "நான் ஞாயித்துக்கிழமை சினிமாவுக்குக்கூடப் போகாம ஆப்பிள் துருவினது அந்த ஆளுக்கா?"

"ஆமாம்மா."

"ஒரு நாளாவது வாயைத் திறந்து சொன்னாரா இந்த மனுஷன்?"

"நாம சொன்னோமா?"

இந்த முறை முகத்தைப் பொத்திக்கொண்டபோது அவள் சிரிக்கவில்லை. அவர் எழுந்து பக்கத்தில் போய் நின்றார். தலையில் கையை வைத்தார். பிளாஸ்டர் தூள் உள்ளங்கையில் ஒட்டியது.

"எனக்குத் தெரிஞ்ச ஆளு வேற மாமா" என்றாள் கைக்குள்ளிருந்து. "எனக்குத் தெரிஞ்ச ஆளுக்கு ஓட்ஸ் பிடிக்கும்."

"எனக்குத் தெரிஞ்சவனுக்கும்தான்."

ஃப்ரிட்ஜில் மிச்சமிருந்த பாட்டில்களை மறுநாள் காலை விசில் வாங்கிக்கொண்டு போனான். வண்டி நிறுத்தத்தில் நின்றபோது தையற்காரர் பையைப் படிக்கு நீட்டினார். அவன் ஒன்றைத் திறந்து முகர்ந்து பார்த்தான். "அதே பசைதான்ப்பா" என்றான். விசிலை வாயில் வைத்தான். சத்தம் வரவில்லை. புது டிரைவர் திரும்பிப் பார்த்த பிறகுதான் இரண்டாம் முறை ஊதினான்.

அவர் மேலே வந்தபோது மருமகள் அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். வெண்ணெய் தடவிய ரொட்டி கல்லில் சிவந்துகொண்டிருந்தது. முட்டையை உடைத்து ஊற்றியதும் சொய்ங் என்றது. வீடு முழுக்க வாசனை. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ரொட்டி மொறுமொறுவென்று கடிபட்டது. மிளகுத்தூள் நாக்கில் சுரீர் என்றது.

சூடாக இருந்தது. ருசியாக இருந்தது. அதுதான் இரண்டு பேருக்கும் தாங்கவில்லை. எதையோ திருடித் தின்பதைப் போல, தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் சாப்பிட்டு முடித்தார்கள்.

"நீ போயிட்டு வாம்மா" என்றார் தட்டைக் கழுவிக்கொண்டே.

"லேபுக்கா?"

"அந்த ஊருக்கு. முதலாளியம்மாவுக்கு இன்னைக்கே சொல்லிடு."

"உங்களைத் தனியா விட்டுட்டா?"

"ஏன், எனக்குப் பல்லு இல்லையா? நீ கட்டிக் குடுத்ததுதானே. எதை வேணும்னாலும் கடிப்பேன்."

"அடுப்புப் பத்த வைக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"கொதிக்கக் கொதிக்க இஸ்திரிப் பெட்டியைப் பிடிச்ச கைம்மா இது. போ, போ."

அவள் போனாள். மாசக் கடைசியில் இரண்டு பெட்டிகளோடு கிளம்பினாள். அளக்கும் கப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னார். "உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா, எனக்கெதுக்கு, நான்தான் இனிமே அந்தப் பசையைத் தொடப்போறதில்லையே" என்றாள். "நானும்தான்" என்றார் அவர். வண்டி திரும்பும் வரைக்கும் இரண்டு பேரும் சிரித்த முகமாகவே இருந்தார்கள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவருக்குக் கை ஓடவில்லை. கடைக்குப் போனார், மெஷினுக்கு எண்ணெய் விட்டார், திரும்பி வந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தால் நடுத்தட்டு காலியாகக் கிடந்தது. கண்ணாடித் தட்டில் பாட்டில்கள் நின்ற இடத்தில் வட்ட வட்டமாகத் தடம். ஈரத்துணியை எடுத்து அதைத் துடைக்கப் போனவர், துடைக்காமல் மூடினார்.

விசிலுக்கு ஒரு பாட்டில் போடலாமே, பாவம், இளைத்துப்போனான் என்று நினைத்துக்கொண்டார். கைப்பிடி உடைந்த கப்பில் அளந்தார். பால், தயிர், உப்பு. ஆப்பிளைத் துருவும்போது விரல் நகத்தையும் சேர்த்துத் துருவிக்கொண்டார். பச்சை மூடியை இறுக்கித் தலைகீழாக ஒரு குலுக்கு, மேடை மேல் ஒரு தட்டு.

திங்கட்கிழமை காலையில் வண்டி வந்தது. விசில் இல்லை, அன்றைக்கு அவனுக்கு விடுமுறையாம். வேறு கண்டக்டர் சொன்னான். பாட்டிலைத் திருப்பி எடுத்துக்கொண்டு படியேறி வந்து மேஜை மேல் வைத்தார். அடுப்பைப் பார்த்தார். ரொட்டி இருந்தது. முட்டை இருந்தது. ஒரு ஆளுக்கு எப்படிப் பற்றவைப்பது என்று நின்றுகொண்டிருந்தார்.

போன் அடித்தது.

"சாப்பிட்டீங்களா மாமா?"

"ஓ! பேஷா. ரொட்டி, முட்டை. மிளகு தூக்கலாப் போட்டு."

"சூடாவா?"

"நாக்கு சுட்டுக்கிட்டேன்னா பாத்துக்கோயேன். நீ என்னம்மா சாப்பிட்டே?"

"இங்க கீழேயே ஒரு கடை இருக்கு மாமா. சுடச்சுட ரொட்டி போடறாங்க. கடைக்காரருக்கு மீசை இத்தனை பெருசு. அவரு பொண்டாட்டிக்கு மூட்டு வலி."

கேட்காத மீசையும் மூட்டு வலியும் அவர் காதில் விழுந்தன.

"அங்க குளிரா?" என்று கேட்டார்.

"கொஞ்சம்."

"வேலை?"

"ஆளுங்க நல்லவங்களாத்தான் இருக்காங்க."

பேச்சு அங்கங்கே நின்று நின்று நடந்தது. போனை வைக்க இருவருக்கும் மனசு வரவில்லை. சாப்பிட்டேன் என்று சொல்லியாயிற்றே, அது பொய்யாக இருக்க வேண்டாம் என்று நினைத்தவர் போல, தையற்காரர் ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பச்சை மூடியைத் திறந்தார். ஸ்பூனை எடுத்தார். சத்தம் கேட்காமல்தான் போட்டார். ஆனாலும் ஸ்பூன் கண்ணாடியில் பட்டது.

டிங்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

அவர் காத்திருந்தார். ‘அது என்ன சத்தம் மாமா?’ என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பொய்கூட ஓடி வரவில்லை.

அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அவ்வளவு தூரத்திலிருந்து, மெல்லிசாக அதே சத்தம் வந்தது. ஸ்பூன் கண்ணாடியில் படும் சத்தம்.

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. ஜில்லென்று, கொழகொழவென்று, கொஞ்சம்கூடப் பிடிக்காமல், அடிவரைக்கும் வழித்துச் சாப்பிட்டு முடித்தார்கள்.

"உப்பு சரியா இருக்கா மாமா?" என்றாள்.

"கச்சிதம்" என்றார் அவர்.